ஒரே தாளில் மூன்று ஸ்கேல்: ஆட்டோகேடில் டைமென்ஷன் எழுத்து ஒரே உயரத்தில் அச்சாக என்ன செய்ய வேண்டும்?

மூலைமட்டம் கேட்கிறார்:

வணக்கம். தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட ஒரு வீட்டின் வரைபடங்களை ஆட்டோகேட் வரைபட மென்பொருளில் மில்லிமீட்டர் அலகில், மாடல் ஸ்பேஸில் (படம் வரையும் வெளி) உண்மை அளவிலேயே வரைந்திருக்கிறேன். ஏ1 தாள் லேஅவுட் (அச்சுத் தாளின் அமைப்பு) ஒன்றில் தளப்படம் 1:100, கழிவறையும் சமையலறையும் 1:50, படிக்கட்டின் கம்பி விவரம் 1:20 என மூன்று வியூபோர்ட்டுகள் (மாடலைத் தாளில் ஒரு ஸ்கேலில் காட்டும் சட்டங்கள்) வைத்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இதுவரை ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஒரு டைமென்ஷன் (அளவுக்குறிப்பு) ஸ்டைல், ஒரு தனி லேயர் என்று வைத்து, எழுத்தையும் அம்புக்குறியையும் பெருக்கும் ஓவரால் ஸ்கேலை முறையே 100, 50, 20 என்று கொடுத்து, வேண்டாத லேயர்களை அந்தந்த வியூபோர்ட்டில் ஃப்ரீஸ் செய்து மறைத்து வந்தோம். ஒரே சுவருக்கு இரண்டு மூன்று இடங்களில் அளவு குறித்திருப்பதால், சுவரை நகர்த்தும்போது ஏதாவது ஒரு லேயரில் பழைய அளவு தங்கிவிடுகிறது. ஆகவே இனி, ஒரே டைமென்ஷன் ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஏற்பத் தன் எழுத்து உயரத்தை மாற்றிக்கொள்ளும் அனோடேட்டிவ் முறைக்கு மாற வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது.

முதல் சோதனையாக, 1:100 ஸ்டைலில் இருந்த டைமென்ஷன்களை அனோடேட்டிவ் ஸ்டைலுக்கு மாற்றினேன். மாடல் ஸ்பேஸில் எழுத்துகள் அனைத்தும் புள்ளிகளாகச் சுருங்கிவிட்டன. லேஅவுட்டுக்குச் சென்றால் 1:100 வியூபோர்ட்டில் ஒரு டைமென்ஷன்கூடத் தெரியவில்லை. 1:50 வியூபோர்ட்டில் புதிதாகப் போட்ட டைமென்ஷன்கள் மட்டும் தெரிகின்றன. ஆனால் அச்செடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தால், 2.5 மி.மீ. இருக்க வேண்டிய எழுத்து 3 மி.மீ.க்குச் சற்று மேலே இருக்கிறது. இந்த மூன்றும் ஒரே காரணத்தால் வருகின்றனவா, வெவ்வேறா? எந்த வரிசையில் அமைத்தால் இவை வராமல் இருக்கும்?

ரசமட்டம் பதில்:

முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்று, மூன்றாவதற்கு வேறு.

ஒரு டைமென்ஷனை அனோடேட்டிவாக மாற்றும் நொடியில், அப்போது மாடல் ஸ்பேஸில் நடப்பிலுள்ள அனோடேஷன் ஸ்கேல் எதுவோ அதுதான் அந்த டைமென்ஷனுக்குச் சேர்க்கப்படும். திரையின் கீழ்ப்பட்டையில் வலது ஓரமாக அந்த ஸ்கேல் தெரியும். யாரும் தொடாத கோப்பில் அது 1:1 ஆக இருக்கும். உங்கள் கோப்பிலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். 2.5 மி.மீ. எழுத்து 1:1 ஸ்கேலில் மாடலிலும் 2.5 மி.மீ.தான், 12,000 மி.மீ. நீள வீட்டின் பக்கத்தில் அது புள்ளியாகத்தான் தெரியும். அந்த டைமென்ஷன் 1:1 ஒன்றை மட்டுமே தன் ஸ்கேலாக வைத்திருப்பதால், 1:100 வியூபோர்ட் அதைத் தன்னுடையதாக ஏற்காமல் மறைத்துவிடுகிறது. மறைந்தது அழியவில்லை என்பதை உறுதி செய்ய அனோஆல்விசிபிள் என்ற மென்பொருள் அமைப்பு மாறியை 1 ஆக்கிப் பாருங்கள், எல்லாம் தெரியும். அச்சுக்கு முன் அதை மறக்காமல் 0 ஆக்கிவிட வேண்டும்.

ஆகவே, மாற்றும் வேலையைத் தொடங்கும் முன் மாடல் ஸ்பேஸில் அனோடேஷன் ஸ்கேலை 1:100 என்று வையுங்கள். பிறகு டைமென்ஷன்களைத் தேர்ந்தெடுத்து ஸ்டைலை மாற்றி, அனோஅப்டேட் கட்டளையைக் கொடுங்கள். ஸ்டைலில் அனோடேட்டிவ் கட்டத்தைத் தேர்வு செய்வது இனி போடப்போகும் டைமென்ஷன்களைத்தான் பாதிக்கும். ஏற்கெனவே உள்ளவை ஸ்டைலின் புதிய நிலைக்கு வருவதற்கு இந்தக் கட்டளை தேவைப்படுகிறது. தளப்படத்தில் உள்ள அளவுகளுள் எவை 1:50 வியூபோர்ட்டிலும் தெரிய வேண்டுமோ அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, ஆப்ஜெக்ட்ஸ்கேல் கட்டளை வழியாக 1:50-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். அதன்பின் 1:50 லேயரில் இருக்கும் பழைய இரட்டைகளை நீக்கிவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒவ்வொன்றாகச் சேர்ப்பதற்குச் சோம்பி, அனோஆட்டோஸ்கேல் மாறியை 4 என்று வைத்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு நீங்கள் அனோடேஷன் ஸ்கேலை மாற்றும்போதெல்லாம், அதுவரை நடப்பிலிருந்த ஸ்கேலை ஏற்றிருக்கும் அத்தனை அனோடேட்டிவ் பொருள்களுக்கும் புதிய ஸ்கேல் சேர்ந்துவிடும். சும்மா ஒரு பார்வைக்காக 1:10 வைத்துத் திரும்பினாலும் சேரும். தூண் மையக்கோட்டு அளவுகள் கம்பி விவரப் படத்தின் நடுவே வந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான். இயல்பாக அது மைனஸ் 4 என்று அணைந்த நிலையில்தான் வருகிறது; அப்படியே இருக்கட்டும்.

மூன்றாவது சிக்கல் வியூபோர்ட்டில் இருக்கிறது. வியூபோர்ட்டுக்குள் நுழைந்து மவுஸ் சக்கரத்தால் சற்றே பெரிதாக்கினால், வியூபோர்ட்டின் உண்மையான ஸ்கேல் மாறிவிடும். அதன் அனோடேஷன் ஸ்கேல் 1:50 என்றே நிற்கும். 1:50-க்கு எழுத்தின் மாடல் உயரம் 125 மி.மீ. தாளில் 3 மி.மீ.க்குச் சற்று மேல் வருகிறது என்றால், 125-ஐ 40-ஆல் வகுத்தால் 3.125 என்பதால், உங்கள் வியூபோர்ட் 1:40-க்கு அருகில் எங்கோ நிற்கிறது என்று கொள்ளலாம். எழுத்தின் உயரம் மட்டுமன்றி, தலைப்பில் 1:50 என்று எழுதியிருக்கும் படமே 1:50-இல் இல்லை என்பதுதான் இதில் கவலைக்குரியது. வியூபோர்ட்டின் எல்லைக்கோட்டைத் தேர்ந்தெடுத்து, ஸ்கேல் பட்டியலிலிருந்து 1:50-ஐத் தேர்வு செய்தால் இரண்டும் ஒன்றாகும்; உடனே டிஸ்ப்ளே லாக் போட்டுவிடுங்கள். பூட்டிய வியூபோர்ட்டுக்குள் சக்கரத்தை உருட்டினால் தாள்தான் பெரிதாகும், ஸ்கேல் நகராது.

அடிப்படை அமைப்பில் கவனிக்க வேண்டியவை அதிகம் இல்லை. டைமென்ஷன் ஸ்டைல் பயன்படுத்தும் டெக்ஸ்ட் ஸ்டைலின் உயரம் 0 ஆக இருக்க வேண்டும். அங்கே யாரோ 250 என்று நிரந்தரமாக எழுதி வைத்திருந்தால் டைமென்ஷன் ஸ்டைலில் நீங்கள் கொடுக்கும் உயரம் செல்லாது. ஸ்டைலில் எழுத்து 2.5, அம்புக்குறி 2.5, எக்ஸ்டென்ஷன் கோட்டின் நீட்சி 1.25, தொடக்க இடைவெளி 0.625 என்று எல்லாமே தாளில் அச்சாக வேண்டிய மில்லிமீட்டரில் இருக்கட்டும். மெட்ரிக் டெம்ப்ளேட்டில் வரும் ஐஎஸ்ஓ-25 ஸ்டைலின் பெயரிலுள்ள 25 இந்த 2.5 மி.மீ. எழுத்தைத்தான் குறிக்கிறது என்பதால் அதையே நகலெடுத்துத் தொடங்குவது எளிது. அங்குல டெம்ப்ளேட்டில் தொடங்கிய கோப்பாக இருந்தால் எழுத்து 0.18 என்று இருக்கும். அதை அப்படியே மில்லிமீட்டர் படத்துக்குக் கொண்டுவந்தால் எந்த ஸ்கேலிலும் கண்ணுக்குத் தெரியாது.

துண்டுக்கோடு, மையக்கோடு போன்ற லைன்டைப்புகள் அனோடேட்டிவ் வகையில் சேரா. அவற்றுக்கு எல்.டி.ஸ்கேல் 1, பி.எஸ்.எல்.டி.ஸ்கேல் 1, எம்.எஸ்.எல்.டி.ஸ்கேல் 1 என்று மூன்றையும் வைத்து, படத்தைப் புதுப்பிக்கும் ரீஜென் கட்டளையைக் கொடுத்தால் போதும்.

தூக்குக்குண்டு பதில்:

மேலே சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லா அளவுகளையும் மாடலில்தான் வைக்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கேள்வி கேட்க விரும்புகிறேன். உங்கள் படிக்கட்டு விவரப் படம் ஒரே ஒரு வியூபோர்ட்டில், ஒரே ஒரு ஸ்கேலில் மட்டும் வருகிறது. அதற்கு அனோடேட்டிவ் எதற்கு? வியூபோர்ட்டின் மேல், லேஅவுட்டிலேயே டைமென்ஷன் போட்டுவிடலாம். டிம்அசாக் மாறி 2 ஆக இருந்தால், ஆட்டோகேட் 2002 முதற்கொண்டே, தாளில் நின்றபடி மாடலின் புள்ளியைப் பிடித்து உண்மை அளவைக் காட்டும் வசதி இருக்கிறது. எழுத்து 2.5 என்றால் 2.5; ஸ்கேல் என்ற பேச்சே எழாது.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. வியூபோர்ட் பூட்டியிருக்க வேண்டும். வரைபடம் அதே கோப்பில் இருக்க வேண்டும். எக்ஸ்ரெஃப் (வேறொரு கோப்பை இணைத்துக் காட்டும் வசதி) வழியாக வரும் கோடுகளோடு இந்தப் பிணைப்பு நம்பகமாக நிற்பதில்லை. பிணைப்பு அறுந்தால், படியின் மிதிப்பு 300-லிருந்து 280-க்கு மாறிய பிறகும் தாளில் 300 என்றே நிற்கும். அச்சுக்கு முன், பிணைந்த அளவுகளைப் புதுப்பிக்கும் டிம்ரீஜென் கட்டளையைக் கொடுத்துவிட்டு, அளவுக்கோடுகள் கோடுகளின் நுனியில்தான் நிற்கின்றனவா என்று ஒருமுறை கண்ணால் பார்ப்பது என் வழக்கம்.

நான் அறவே தவிர்க்கச் சொல்வது இன்னொரு பழைய முறையை. விவரப் படத்தை நகலெடுத்து, மாடலிலேயே 5 மடங்கு பெரிதாக்கி, டிம்எல்ஃபேக் என்ற பெருக்கு எண்ணை 0.2 என்று வைத்து அளவைச் சரிக்கட்டும் முறை அது. 150 மி.மீ. படி உயரம் கோப்பில் 750 ஆக இருக்கும், எழுத்து மட்டும் 150 என்று காட்டும். அந்தப் படத்திலிருந்து யாராவது கம்பியின் நீளத்தை அளந்து வெட்டுப் பட்டியல் தயாரித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இன்னும் பல அலுவலகங்களின் கோப்புகளில் இது ஒளிந்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் கோப்பைத் திறந்ததும் டைமென்ஷனின் பண்புப் பட்டியலில் லீனியர் ஸ்கேல் 1 ஆக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

மேலும், கோப்பைப் பெறுபவர் பழைய மென்பொருள் வைத்திருந்து 2007 அல்லது அதற்கு முந்தைய வடிவத்தில் சேமித்துக் கேட்டால், சேவ்ஃபிடெலிட்டி மாறி 1 ஆக இருக்கும் நிலையில், ஒவ்வொரு ஸ்கேலுக்குமான தோற்றம் தனித்தனி லேயர்களில் பிரித்து வைக்கப்படும். லேயர் பெயரின் பின்னால் எண் ஒட்டிக்கொண்டு வரும். அனோடேட்டிவ் வசதியே 2008 பதிப்பில் வந்தது என்பதால் இது தவிர்க்க முடியாதது. நீங்கள் ஒழிக்க நினைத்த பல லேயர் முறை பெறுபவரின் கணினியில் மறுபிறவி எடுக்கும்.

மூலைமட்டம்:

இருவருக்கும் நன்றி. மாடலில் 1:100 வைத்து மீண்டும் மாற்றியதும் தளப்படத்தில் அளவுகள் சரியாக வந்துவிட்டன. 1:50 வியூபோர்ட்டும் சொன்னபடியே 1:40-ஐ ஒட்டித்தான் நின்றிருந்தது. படிக்கட்டுக்கு லேஅவுட் டைமென்ஷன் என்று முடிவு செய்திருக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. முதலாவது, 230 மி.மீ. சுவரின் தடிமனைக் குறிக்கும் அளவு 1:100-இல் அடுத்த அளவின் மேல் ஏறி நிற்கிறது. அதை நகர்த்தினால் 1:50-இல் அது நகரவில்லை. அது அங்கே வேறொரு டைமென்ஷனா? இரண்டாவது, ஏ1 தாளைப் பாதியாகச் சுருக்கி ஏ3-இல் அச்செடுத்துத்தான் தளத்துக்கு அனுப்புகிறோம். அதில் எழுத்துகளைப் படிக்க முடியவில்லை என்று மேஸ்திரி சொல்கிறார்.

ரசமட்டம் பதில்:

அது ஒரே டைமென்ஷன்தான். ஒவ்வொரு ஸ்கேலுக்கும் எழுத்தும் அளவுக்கோடும் நிற்கும் இடத்தை அது தனித்தனியாக நினைவில் வைத்திருக்கிறது. அளக்கும் புள்ளிகள் மட்டும் பொது. இது குறை அன்று. 230 மி.மீ. சுவர் 1:100-இல் தாளில் 2.3 மி.மீ. அகலம்தான், 2.5 மி.மீ. உயரமுள்ள மூன்று இலக்கங்கள் அதற்குள் அடங்கவே அடங்காது, எழுத்து வெளியே தாவித்தான் ஆக வேண்டும். 1:50-இல் 4.6 மி.மீ.; அங்கும் நெருக்கடி. 1:20-இல் 11.5 மி.மீ. என்பதால் எழுத்து தாராளமாக உள்ளே உட்காரும். 115 மி.மீ. தடுப்புச் சுவரை நினைத்துப் பாருங்கள், 1:100-இல் அது 1.15 மி.மீ. ஒரே இடம் எல்லா ஸ்கேலுக்கும் பொருந்தாது என்பதால்தான் இடத்தைத் தனித்தனியாக நகர்த்த விட்டிருக்கிறார்கள். டைமென்ஷனைத் தேர்ந்தெடுக்கும்போது மற்ற ஸ்கேல்களின் தோற்றம் மங்கலாகத் தெரிவதற்கு செலக்ஷன்அனோடிஸ்ப்ளே மாறி 1 ஆக இருக்க வேண்டும். எந்த ஸ்கேலில் நிற்கிறீர்களோ அதைப் பார்த்துக்கொண்டு நகர்த்துங்கள். நகர்த்தி நகர்த்திக் குழப்பமாகிவிட்டால், அனோரீசெட் கட்டளை எல்லா ஸ்கேலின் தோற்றங்களையும் நடப்பு ஸ்கேலின் இடத்துக்கே கொண்டுவந்துவிடும். மற்ற ஸ்கேல்களில் செய்த திருத்தங்களும் அதோடு போய்விடும் என்பதால் கவனமாகப் பயன்படுத்த வேண்டும்.

ஏ3 குறித்து: ஏ1 என்பது 594 × 841 மி.மீ., ஏ3 என்பது 297 × 420 மி.மீ. நீள அகலங்கள் பாதியாவதால் 2.5 மி.மீ. எழுத்து 1.25 மி.மீ. ஆகிவிடுகிறது. தளத்தில், வெயிலில், மடித்துப் பிரித்த தாளில் அதை யாராலும் படிக்க முடியாது. மேஸ்திரி சொல்வது நியாயம். எழுத்து உயரங்களுக்கான ஐஎஸ்ஓ 3098 வரிசை 1.8, 2.5, 3.5, 5, 7, 10 என்று ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் ஏறத்தாழ 1.414 மடங்காக ஏறுவது தற்செயல் அன்று; தாள் அளவு ஒரு படி இறங்கினால் எழுத்தும் இந்த வரிசையில் ஒரு படிதான் இறங்கும். ஏ1-லிருந்து ஏ3 இரண்டு படி. ஆகவே ஏ3-இல் 2.5 வேண்டுமென்றால் ஏ1-இல் 5 வைக்க வேண்டும், 3.5 வைத்தால் ஏ3-இல் 1.75 கிடைக்கும், அது வரிசையின் கடைசிப் படியை ஒட்டியது.

ஆனால் 1:100 தளப்படத்தில் 5 மி.மீ. எழுத்து இடத்தை அடைத்துக்கொள்ளும். நானாக இருந்தால் தளத்துக்கென்று தனி ஏ3 லேஅவுட் ஒன்றை அதே கோப்பில் வைத்து, கழிவறையை ஒரு தாள், சமையலறையை ஒரு தாள் என்று பிரித்து, அதே 1:50-இலேயே 2.5 மி.மீ. எழுத்துடன் கொடுப்பேன். அளவுகள் ஏற்கெனவே 1:50-ஐ ஏற்றிருப்பதால் புதிதாக எதுவும் போட வேண்டியதில்லை. தளப்படத்தை மட்டும் இரண்டு ஏ3 தாள்களாக, ஒரு தூண் மையக்கோட்டில் வெட்டி, 1:100-இலேயே தரலாம். சுருக்கி அச்செடுத்தே ஆக வேண்டும் என்றால், தலைப்புக் கட்டத்தில் ஏ1 தாளில் 1:100, ஏ3 தாளில் 1:200 என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்கேல் வைத்து அளப்பவர் பாதி அளவைத்தான் எடுப்பார்.

அடிஸ்கேல் பதில்:

இந்த உரையாடலில் எல்லாரும் ஒரே அலகில் வரைவதாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். நடைமுறையில் கட்டடக்கலைஞரின் கோப்பு அங்குலத்திலும், சர்வேயரின் கோப்பு மீட்டரிலும் வருகின்றன. ஸ்கேல் பட்டியலில் உள்ள 1:100 என்ற பதிவு, தாளின் 1 அலகு வரைபடத்தின் 100 அலகுக்குச் சமம் என்பதை மட்டுமே சொல்கிறது. தாள் மில்லிமீட்டரிலும் வரைபடம் மீட்டரிலும் இருந்தால் அது உண்மையில் 1:1,00,000 ஆகிவிடும். மீட்டரில் வரைந்த மனைப்படத்தை 1:500-இல் காட்ட, ஸ்கேல்லிஸ்ட்எடிட் கட்டளையில் புதிய பதிவு ஒன்றைச் சேர்த்து, தாள் அலகு 2, வரைபட அலகு 1 என்று கொடுக்க வேண்டும். தாளில் 2 மி.மீ. என்பது நிலத்தில் 1 மீட்டர். 2.5 மி.மீ. எழுத்து அந்தக் கோப்பில் 1.25 அலகு உயரம் பெறும். அங்குலக் கோப்புக்கு 1:100 வேண்டுமானால் தாள் அலகு 25.4, வரைபட அலகு 100. பெயரிடும்போது 1:500 மீ, 1:100 அங் என்று வேறுபடுத்தி வைத்தால் குழப்பம் குறையும். எல்லாவற்றையும் ஒரே மில்லிமீட்டர் கோப்பில் எக்ஸ்ரெஃப் செய்வதாக இருந்தால், இரு கோப்புகளிலும் அலகைக் குறிக்கும் இன்ஸ்யூனிட்ஸ் மாறி சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தால் போதும். மில்லிமீட்டருக்கு 4, மீட்டருக்கு 6, அங்குலத்துக்கு 1.

மேஸ்திரி அடி அங்குலத்தில் கேட்பார் என்பதால், மி.மீ. அளவின் பக்கத்தில் அடிக்கணக்கையும் காட்ட ஆல்டர்னேட் யூனிட்டைத் திறந்து, ஆர்க்கிடெக்சுரல் வடிவம், பெருக்கு எண் 0.03937 என்று வைப்பவர்கள் நம்மில் அதிகம். நல்ல வசதிதான், ஆனால் அரை அங்குலத்துக்கு முழுமையாக்கச் சொன்னால் ஒரு வம்பு இருக்கிறது. 3000 மி.மீ. இடைவெளி 9 அடி 10 அங்குலம் என்று காட்டும். அதுபோல மூன்று இடைவெளிகளைக் கூட்டினால் 29 அடி 6 அங்குலம். மொத்த அளவான 9000 மி.மீ.யோ 29 அடி 6½ அங்குலம் என்று காட்டும். அடிக்கணக்கைப் பார்த்துத் தூணைக் குறிப்பவர் எதை நம்புவது? மையக்கோட்டுத் தாளில் அடிக்கணக்கே வேண்டாம் என்பது என் கருத்து; அறைகளின் உள்ளளவுக்கு மட்டும் போடுங்கள்.

மூலைமட்டம்:

தளப்படத்தையும் கழிவறைப் படத்தையும் ஏ3 லேஅவுட்டுகளாகப் பிரித்துவிட்டேன், எழுத்து 2.5 மி.மீ. என்று ஸ்கேல் வைத்தும் பார்த்துவிட்டேன். சர்வேயரின் மனைப்படக் கோப்பில் இன்ஸ்யூனிட்ஸ் 0 என்று இருந்தது. 6 ஆக்கி எக்ஸ்ரெஃபை மறுபடி சேர்த்ததும் மனையின் எல்லை வீட்டைச் சுற்றிச் சரியாக வந்து அமர்ந்தது. நடப்பில் உள்ள மற்ற வேலைகளின் கோப்புகளையும் இப்படியே மாற்றிவிடலாமா, அல்லது புதிய வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

தூக்குக்குண்டு பதில்:

புதிய வேலைகளுக்கு மட்டும் வையுங்கள். ஏற்கெனவே ஒப்புதலுக்கு அனுப்பிய தாள்களைத் தொட வேண்டாம். திருத்தம் கேட்டு வரும் தாளை அப்போது மாற்றிக்கொள்ளலாம். அதற்குள் டெம்ப்ளேட் கோப்பு ஒன்றைத் தயார் செய்து, ஸ்கேல் பட்டியலில் நீங்கள் பயன்படுத்தாத பதிவுகளை எல்லாம் நீக்கி, 1:1-உடன் 1:20, 1:50, 1:100, 1:200 மட்டும் வைத்து, மாடலின் நடப்பு ஸ்கேலை 1:100 என்று விட்டுச் சேமித்துவிடுங்கள்.